இல்ல வண்டியின் பின்னச்சு: கொடுத்துக் கொள்ளும் கணக்கு

யந்திர நூல் பயில்வோர் முதற்கண் உணர வேண்டிய உண்மை ஒன்றுண்டு. பற்சக்கரங்கள் சக்தியை உண்டாக்குவதில்லை. எஞ்சின் தரும் சக்தியை வேகமாகவோ இழுவையாகவோ மாற்றித் தருதலே அவற்றின் தொழில். நூறு ரூபாய்த் தாளை எவ்விதம் சில்லறையாக மாற்றினும் அது நூறு ரூபாய்க்கு மேற்படாது. மாற்றுவோன் பிடித்துக்கொள்ளும் கழிவும் உண்டு. இவ்வுண்மையை ஏட்டில் ஒப்புக்கொள்வோர் பலரும் தம் வண்டியைத் தொடும்போது மறந்துவிடுகின்றனர். ஆதலின் அதனை ஓர் உதாரணத்தால் விளக்கப் புகுகின்றோம். அமெரிக்க நாட்டிற் பெரிதும் வழங்கும் பழைய டீஸல் இல்ல வண்டியின் பின்னச்சுப் பல் விகிதத்தை மாற்றுதலே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இல்ல வண்டி என்பது படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி முதலிய யாவும் அமைந்த மோட்டார் வண்டி. ஓய்வு பெற்ற தம்பதிகளும், பிள்ளைகளோடு விடுமுறை கழிக்கும் குடும்பத்தினரும் அதிலேயே தங்கிப் பல நூறு மைல் பிரயாணம் செய்வர். ஆண்டிற் சில மாதங்களே ஓடுவதாகலின் அதன் எஞ்சின் நெடுங்காலம் தேயாதிருக்கும். முப்பது ஆண்டு கடந்த வண்டியையும் உடையவர் விற்க மனமின்றிப் பேணுதல் இதனாலேயே.

இனி, அவர்களுக்கு நேரும் குறை யாதெனக் காண்போம். 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, 1974-ல் அந்நாடு முழுவதும் மணிக்கு 55 மைலே வேகத்தின் மேல் எல்லை எனச் சட்டம் வகுக்கப்பட்டது. 1987-ல் நாட்டுப்புறத்துப் பெருஞ்சாலைகளில் 65 மைல் அனுமதிக்கப்பட்டது. 1995-ல் அச்சட்டமே நீக்கப்பட்டு, எல்லை குறிக்கும் உரிமை அந்தந்த இராச்சியத்திற்கு மீண்டது. இடைப்பட்ட காலத்திற் செய்யப்பெற்ற கனத்த வண்டிக்கு 55 மைல் போதுமானதாயிருந்தது. சாலையின் வேகம் உயர்ந்த பின்னரோ, அவ்வண்டி எஞ்சின் அலற ஓடியும் பின்வருவோர்க்குத் தடையாக நிற்கின்றது. ‘பின்னச்சை மாற்றினால் குறை தீருமா?’ என்று உடையவர் வினவுகின்றார். இவ்வினாவிற்கு விடை கணக்கிலேயே உள்ளது.

பின்னச்சின் நடுவே இரு பற்சக்கரங்கள் உள்ளன. எஞ்சினிலிருந்து வரும் நீண்ட ஷாப்டின் முனையில் இருப்பது பினியன் என்னும் சிறு சக்கரம். அதனாற் சுழற்றப்படுவது கிரௌன் என்னும் பெருஞ்சக்கரம். கிரௌனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுக்க வருவதே பல் விகிதம். கிரௌனுக்கு 39 பல்லும் பினியனுக்கு 8 பல்லும் ஆயின் விகிதம் 4.88, 41-ம் 10-ம் ஆயின் 4.10. இவ்வெண்கள் ஒன்றையொன்று பொது வகுத்தியின்றி நிற்றலைக் கவனிக்க. இதனால் ஒவ்வொரு பல்லும் எதிர்ச் சக்கரத்தின் எல்லாப் பற்களையும் முறையே சந்திக்கின்றது; தேய்வும் எங்கும் ஒரு படித்தாகின்றது.

அச்சைத் திறவாமலே விகிதம் அறியும் வழியும் உண்டு. சக்கரங்களுக்கு நன்றாக அணை கொடுத்து, கியரை விடுவித்து, பின்பக்கத்தில் ஒரு புறத்தை மட்டும் தூக்கி நிறுத்துக. தூக்கிய புறத்துச் சக்கரத்தை இரு முறை முழுதும் சுழற்றி, ஷாப்டு எத்தனை முறை சுழல்கின்றதென எண்ணுக. அவ்வெண்ணே விகிதமாம். இரு முறை சுழற்றுவானேன் எனின், டிப்ரன்ஷியல் இரு புறத்துச் சுழற்சிகளின் சராசரியையே கிரௌனுக்குத் தருவது. ஒரு புறம் நிற்க மறுபுறம் இரு முறை சுழன்றால் கிரௌன் ஒரு முறையே சுழலும்.

இப்பொழுது ஒரு வண்டியைக் கருதுவோம். அதன் நிறை 22,000 பவுண்டு. எஞ்சின், 5.9 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் கம்மின்ஸ். 190 குதிரைத் திறன். கவர்னர் அதனை நிமிஷத்திற்கு 2,500 சுற்றுக்கு மேல் ஓட விடாது. கியர் பெட்டி, அக்காலத்து வண்டிகள் பலவற்றிற் பொருத்தப்பெற்ற அல்லிஸன் ஏ.டி. 545. அதற்குக் கதி நான்கு. விகிதங்கள் முறையே 3.45, 2.25, 1.41, 1. நான்காங்கதி நேர்கதியே, அதனினும் விரைந்த கதி அப்பெட்டியில் இல்லை. பின்சக்கரம் ஒரு முறை சுழன்றால் வண்டி 9½ அடி செல்லும் எனக் கொள்க. ஒரு மைல் 5,280 அடியாதலின், மைலுக்குச் சக்கரம் ஏறத்தாழ 556 முறை சுழலும்.

பழைய விகிதம் 4.88 ஆயின், 55 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 2,490 முறை சுழலும். அதாவது, கவர்னரின் வாசலிலேயே நிற்கும். விகிதத்தை 4.10 ஆக்கினால் அதே வேகத்திற்கு 2,090 சுற்றுப் போதும். 65 மைலுக்கும் 2,470-க்குள் அடங்கும். காதைத் துளைத்த ஓசை தணியும். சமதரையில் பிறரோடு ஒத்தோட இயலும். டார்க் கன்வர்ட்டரில் எண்ணெய் வழியாகவே விசை செல்வதால் சிறிது நழுவுதல் உண்டு. ஆதலின் மெய்யான சுற்று இக்கணக்கினும் சற்று மிகும் என்பதை நினைவிற் கொள்க.

இது கொண்டது. கொடுத்தது யாது? 4.10-ஐ 4.88-ஆல் வகுக்க வருவது 0.84. எனவே எல்லாக் கதியிலும் சக்கரத்தை வந்தடையும் இழுவையில் நூற்றுக்குப் பதினாறு பங்கு குறைந்துவிட்டது. நின்ற வண்டியை மேட்டிற் கிளப்பும் முதற்கதியில், முன்பு எஞ்சினின் திருகு விசை 16.8 மடங்காயிற்று, இப்பொழுது 14.1 மடங்கே.

மலையேற்றத்தில் இதன் பயனைப் பார்ப்போம். நூறடிக்கு ஆறடி உயரும் சாலையில் நம் வண்டியை இழுக்க, நிறையின் பொருட்டே 1,320 பவுண்டு விசை வேண்டும். தரையின் உராய்வும் காற்றின் எதிர்ப்பும் சேர 1,600 பவுண்டுக்கு மேற்படும். வழியிற் கழியும் சக்தியை ஐந்திலொரு பங்கு எனத் தள்ளினால், 190 குதிரைத் திறன் அவ்வண்டியை மணிக்கு 34 மைல் அளவில் ஏற்ற வல்லது. இவ்வெல்லையை விதித்தது எஞ்சினின் திறன். எந்தப் பற்சக்கரத்தாலும் இதனைக் கடக்க இயலாது. இதற்குக் குறைய நிற்கச் செய்யவோ இயலும். பழைய விகிதத்தில் மூன்றாங்கதி 39 மைல் வரை ஓடும். ஆகவே 33 மைலில் எஞ்சின் 2,100 சுற்றோடு நல்ல திறனிலேயே உழைக்கும். புதிய விகிதத்தில் மூன்றாங்கதியின் எல்லை 47 மைலுக்கு உயர்ந்துவிட்டது. 33 மைலில் எஞ்சின் 1,800 சுற்றுக்குத் தாழ்ந்து திறன் குன்றும். குன்றவே வேகம் விழும். விழவே திறன் மேலும் குன்றும். முடிவில் இரண்டாங்கதியைப் பற்றி, அதன் எல்லையாகிய 29 மைலில் ஊர வேண்டியதாகும்.

எல்லா மேட்டிலும் இழப்பே என்று கூறுதலும் பொருந்தாது. நூறடிக்கு நாலடி உயரும் சாலையில், பழைய விகிதத்தின் மூன்றாங்கதி 39 மைலோடு நின்றுவிட, நான்காங்கதியோ 2,000 சுற்றின் அருகே இளைக்கும். புதிய விகிதத்தில் மூன்றாங்கதியே 44 மைல் வரை தளராது இழுக்கும். கதிகளுக்கு இடையேயுள்ள பள்ளங்கள் இடம் பெயர்ந்தனவேயன்றி மறைந்தில. தாம் செல்லும் சாலையின் ஏற்றத்தை அறியாது விகிதத்தைத் தேர்தல், நோயை அறியாது மருந்து வாங்குதலை ஒக்கும்.

நிற்க. ஏற்றத்தில் இழப்பது காலம். இறக்கத்தில் இழக்கக் கூடியதோ உயிர். கொலராடோ இராச்சியத்தில் 1973-ல் திறக்கப்பெற்ற ஐஸன்ஹோவர் மலைக்குகை 11,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அதனைக் கடந்து இறங்குவோர் நூற்றுக்கு ஆறும் ஏழுமான சரிவில் பல மைல் இறங்க வேண்டும். அத்தகைய சரிவில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது காய்ந்து பிடிப்பற்றுப் போம். தாழ்ந்த கதியிலிட்டு எஞ்சினாலேயே வண்டியை அடக்குதல் மரபு. அவ்வடக்கும் விசையும் பல் விகிதத்தின் வழியாகவே சக்கரத்தைச் சேர்கின்றமையின் அதுவும் பதினாறு பங்கு குறைந்துவிட்டது. அன்றியும், முன்பு மூன்றாங்கதியில் 39 மைலில் 2,500 சுற்றோடு எதிர்த்து நின்ற எஞ்சின், இப்பொழுது அதே வேகத்தில் 2,090 சுற்றே சுழன்று மெலிவாக எதிர்க்கும். ஏ.டி. 545 பெட்டியின் கன்வர்ட்டருக்கு இறுகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இல்லாமையால் முன்பே அவ்வடக்கம் சிறிது. ஆகவே, ‘இச்சரிவில் மூன்றாங்கதி போதும்’ என்று பல்லாண்டு பழகிய கை, அச்சு மாறிய பின் தவறான வழிகாட்டியாகிவிடும். சரிவு தொடங்குமுன்னரே வேகத்தை 29 மைலுக்குக் குறைத்து இரண்டாங்கதியைப் பற்றுதல் வேண்டும்.

இதனினும் நுட்பமான ஆபத்து ஒன்று வேகமானியில் உள்ளது. அக்கருவி பெரும்பாலும் கியர் பெட்டியிலிருந்து புறப்படும் ஷாப்டின் சுழற்சியை எண்ணியே வேகம் காட்டும். அச்சு மாறியதும், அதே வேகத்திற்கு ஷாப்டு குறைவாகவே சுழல்கின்றது. கருவியைத் திருத்தாவிடின், மெய்வேகம் 65 ஆயிருக்க முள் 55-ஐக் காட்டும். ஓட்டுவோர் நிதானமாகவே செல்வதாக நம்பியிருப்பர். கருவியைத் திருத்துமுன் சாலையேறுதல் ஒருபோதும் தகாது.

இனி, வேலையின் முறையைச் சுருங்கக் கூறுவோம். இவ்வகை அச்சில் சக்கரங்களைக் கழற்றாமலே இரு புறத்து அச்சுத் தண்டுகளையும் உருவி எடுக்கலாம். எண்ணெயை வடித்து, ஷாப்டை விடுவித்து, நடுவிலுள்ள கேரியரை வெளியே எடுத்தல் வேண்டும். அது மனிதர் கையால் தாங்கத் தகாத பாரமுடையது. ஜாக்கி இன்றித் தொடலாகாது. கிரௌனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உராய்த்து இணை சேர்க்கப்பட்டவை. ஆதலின் ஒன்றை மட்டும் மாற்றுதல் கூடாது, இணையாகவே மாற்றுக. பினியன் நிற்கும் ஆழத்தை ஷிம் தகடுகளால் அளவுபடுத்தி, பேரிங்குகளின் இறுக்கத்தையும் பல்லிடை ஆட்டத்தையும் செய்தோர் குறித்த அளவிற்கே வைத்தல் வேண்டும். பின்னர்ப் பற்களிற் சாயம் பூசிச் சுழற்றிப் பார்க்க. சாயம் அழியும் தடம் பல்லின் ஓரங்களிற் சாராது நடுவே அமைதல் நன்று. தடம் பிழையாயின் சில ஆயிரம் மைலுக்குள் அச்சு ஊளையிடத் தொடங்கும். இப்பணிக்குப் பழகிய கையும் நுண்ணிய அளவுகருவிகளும் வேண்டுமாதலின், தேர்ந்தோரிடம் விடுதலே சிக்கனம்.

எண்ணெய்ச் செலவு குறையுமா எனின், 55 மைலிலேயே ஓடுவோர்க்குச் சிறிது குறையலாம். எஞ்சின் மெல்லச் சுழலுங்கால் தன்னுள்ளே உராய்விற் கழியும் சக்தி குறைவன்றோ? ஆனால் பெட்டி போன்ற இவ்வண்டியைக் காற்று பெரிதும் தடுக்கும். 55 மைலிலிருந்து 65-க்கு உயர்ந்தால், காற்றை வெல்லுதற்கு மட்டும் மைல் ஒன்றுக்கு நூற்றுக்கு 40 பங்கு மிகுதியான சக்தி செலவாகும். எண்ணெயை மிச்சப்படுத்த அச்சை மாற்றிவிட்டு, அதனாற் கிடைத்த வேகத்தில் ஓடுபவர் மிச்சத்தையும் கடந்து செலவிடுவர். ஓசை தணிதலும் பிறரோடு ஒத்தோடுதலும் மெய்யான ஆதாயங்கள். அவற்றையே விலையாகக் கருதித் தீர்மானித்தல் நேர்மையான கணக்கு.

சமவெளியில் மிகுதியும் செல்வோர்க்கு இம்மாற்றம் தக்கது. மலைநாட்டில் உழல்வோர் பழைய விகிதத்தையே வைத்துக்கொள்ளுதல் நலம். அல்லது, பொருள் உண்டாயின், மிகுதியான கதிகளும் பூட்டிக்கொள்ளும் கன்வர்ட்டரும் உள்ள கியர் பெட்டியை நாடலாம். அதில் சமதரைக்கு ஒரு கதியும் மலைக்கு ஒரு கதியும் தனித்தனியே கிடைத்தலின் இழப்புக் குறையும். எதனைச் செய்யினும், மாற்றத்திற்குப் பின் ஒவ்வொரு கதிக்கும் உரிய புதிய வேக எல்லையை ஒரு சீட்டில் எழுதி ஓட்டுவோர் கண்முன் ஒட்டி வைத்தல் வேண்டும். நம் உதாரணத்தில் அவை இரண்டாங்கதிக்கு 29, மூன்றாங்கதிக்கு 47, நான்காங்கதிக்கு 65 மைல்.

மாணவர்காள்! நெம்புகோலைப் பற்றி வகுப்பறையிற் கற்ற பாடமே இங்கும் ஆட்சி செய்தலைக் காண்கிறீர்கள். ஒரு புறம் ஏறினால் மறுபுறம் இறங்கும். யந்திரத்தை மாற்றுவோன் தான் கொள்வதை மட்டும் எண்ணாது, கொடுப்பதையும் எழுதிவைத்துக் கூட்டிப் பார்ப்பானாயின், அவன் வண்டியில் உறங்கிவரும் குழந்தைகள் மலைச்சரிவையும் அச்சமின்றிக் கடப்பர்.