49-க்கு 38 வந்தால் சந்தோஷப்படலாமா?

அரியர் ரிசல்ட் வரும் வாரம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் வருகிறது: "உங்க மனசு எவ்வளவு ஸ்ட்ராங்? ரெண்டே நிமிஷத்துல தெரிஞ்சுக்கோங்க." ஏழு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை ஓர் எண்ணைத் தொட வேண்டும். கடைசியில் திரையில் 38 என்று காட்டுகிறது. 49-க்கு 38 என்றால் நல்ல மார்க்தானே என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் அது நல்ல செய்தி இல்லை. ஏழு வாக்கியம் கொண்ட இந்த வகை வினாத்தாளில் உலகெங்கும் அதிகம் பயன்படுவது ஏ.ஏ.க்யூ-2. ஃபிராங்க் பாண்ட் குழுவினர் 2011-இல் வெளியிட்டது. மொத்த மதிப்பெண் 7 முதல் 49 வரை வரும். எண் கூடக் கூட மனம் இறுகியிருக்கிறது என்று பொருள். 24 முதல் 28-ஐத் தாண்டினால் மன உளைச்சல் இருக்கக்கூடும் என்று அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

சரி, மன நெகிழ்வு என்றால் என்ன? அம்பத்தூரிலிருந்து ஒருவர், பூந்தமல்லியிலிருந்து ஒருவர், ஆவடி பக்கம் ஒரே பொறியியல் கல்லூரியில் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் கணக்கில் அரியர். இருவருக்கும் வயிற்றைக் கலக்கும் பயம். ஒருவர் அந்தப் பயத்தைப் பார்க்கவே பிடிக்காமல் புத்தகத்தைத் திறப்பதில்லை, வகுப்புக்கும் போவதில்லை, இரவெல்லாம் ரீல்ஸ். இன்னொருவர், "பயமாத்தான் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்று ட்யூட்டோரியலில் போய் உட்கார்கிறார். பயத்தின் அளவு இருவருக்கும் ஒன்றே. வேண்டாத உணர்வை வைத்துக்கொண்டே வேண்டிய வேலையைச் செய்ய முடிகிறதா என்பதுதான் நெகிழ்வு. எப்போதும் சிரித்த முகமாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இதைத் தாளில் அளப்பதுதான் சிக்கல். ஸ்வீடனைச் சேர்ந்த மார்ட்டின் வோல்காஸ்ட் 2014-இல் ஒரு கேள்வி எழுப்பினார்: ஏ.ஏ.க்யூ-2 அளப்பது நெகிழ்வையா, அல்லது அந்த நேரத்து மன வருத்தத்தையா? அவருடைய ஆய்வில் அதன் வாக்கியங்கள் வருத்தத்தின் பக்கமே அதிகம் சாய்ந்தன. நம் உதாரணத்துக்கு வந்தால், ட்யூட்டோரியலுக்குப் போன மாணவரும் ரிசல்ட் வாரத்தில் நிரப்பினால் அதிக எண் வாங்கிவிடலாம். அதே ஆள் செமஸ்டர் விடுமுறையில் நிரப்பினால் வேறு எண். காலை கல்லூரிப் பேருந்தில் தூக்கக் கலக்கத்தோடு தட்டிய பதிலை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

படிப்புச் சூழலுக்கென்றே 2019-இல் மைக்கேல் லெவின் குழுவினர் 12 வாக்கியங்கள் கொண்ட பல்கலைக்கழக மாணவர் வடிவத்தை வெளியிட்டார்கள். கவலையும் எண்ணங்களும் படிப்பை எவ்வளவு தடுக்கின்றன என்று அது கேட்கிறது. 2021-இல் வந்த சை-ஃப்ளெக்ஸில் ஆறே கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றி. அதில் எண் கூடினால் நெகிழ்வு கூடுதல், அதாவது ஏ.ஏ.க்யூ-2-க்கு நேர் எதிர்! எந்த வினாத்தாள் என்று பெயர் போடாத லிங்க்கில் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஆங்கிலத்தை அப்படியே தமிழாக்கி, நம் மாணவர்களிடம் சோதித்துப் பார்க்காமல் சுற்றுக்கு விட்ட படிவமும் அப்படித்தான்.

கல்லூரியில் கணக்கெடுப்பு என்று படிவம் கொடுத்தால் தயங்காமல் கேளுங்கள்: பதிவு எண் எதற்கு? பதிலை யார் பார்ப்பார்கள்? துறைத் தலைவர் பார்ப்பார் என்று தெரிந்தால் யாரும் உண்மையை எழுதப்போவதில்லை. அப்புறம் அளந்து என்ன பயன்? சிகிச்சைக்குச் செல்பவரின் விவரங்களுக்கு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு ரகசியக் காப்பு உரிமை தருகிறது. ஒரு கூகுள் படிவத்துக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது.

எண் என்னவாக இருந்தாலும், வகுப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் சில வாரங்களாகத் தடுமாறினால் 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை இது; தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் உடனே அழைக்க வேண்டும். நேரில் போக நினைப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எதுவும் கொண்டுபோகத் தேவையில்லை. எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, எத்தனை நாளாக வகுப்புக்குப் போகவில்லை என்று சொன்னால் போதும்.