கோடைப் பயணம்

தில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தமிழ்நாடு விரைவு வண்டியில் இரண்டு இரவும் ஒரு பகலும் செல்ல வேண்டும். ஆயினும் விமானத்தைவிடச் செலவும் காற்று மாசும் குறைவு. முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்கும். காலம் தாழ்த்தினால் தட்கலில் கூடுதல் கட்டணம் செலுத்த நேரும். அதிலும் இடம் உறுதியன்று.

நால்வர் ஆளுக்கு நான்கு புட்டி நீர் வாங்கினால் 16 நெகிழிப் புட்டிகள் குப்பையாகும். வீட்டு எவர்சில்வர் புட்டியை நிலையத்துக் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள். புளியோதரை மறுநாளும் கெடாது. தயிர்ச்சோற்றை முதல் வேளையே உண்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் நெகிழிப் பைகளுக்குத் தடை உள்ளது. கடைக்குச் செல்லப் பாட்டி வீட்டு மஞ்சள் பை இருக்கிறது.

பயிற்சி: உங்கள் ஊருக்குச் செல்லும் வண்டியின் பெயரையும் அதற்கு முன்பதிவு தொடங்கும் நாளையும் எழுதுக.