நாற்பத்தெட்டு வாக்குகள்

(உரைநடைப் பகுதி)

மாணவர்களே! தேர்தல் நாளன்று பெரியோர் விரலில் மை இட்டுக்கொண்டு வருவதைக் கண்டிருப்பீர்கள். அந்த ஒரு வாக்கு எங்கே செல்கிறது, எவ்வாறு எண்ணப்படுகிறது, அதனால் என்ன பயன் விளைகிறது என்பவற்றை ஓர் உண்மை நிகழ்வின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

தொகுதியும் வேட்பாளர்களும்

மும்பை மாநகரில் ஆறு மக்களவைத் தொகுதிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று மும்பை வடமேற்கு. ஜோகேஸ்வரி கிழக்கு, திண்டோஷி, கோரேகாவ், வெர்சோவா, அந்தேரி மேற்கு, அந்தேரி கிழக்கு ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இதனுள் அடங்கும். நடிகர் சுனில் தத் இத்தொகுதியிலிருந்து ஐந்து முறை மக்களவைக்குச் சென்றார். 2014, 2019 ஆகிய இரு தேர்தல்களிலும் சிவசேனையின் கஜானன் கீர்த்திகர் வென்றார்.

2022ஆம் ஆண்டில் சிவசேனை இரண்டாகப் பிரிந்தது. 2024ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவ்விரு பிரிவுகளும் இத்தொகுதியில் நேருக்கு நேர் மோதின. சிவசேனையின் சார்பில் ரவீந்திர வாய்கர் நின்றார். இவர் முன்னரே ஜோகேஸ்வரி கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். உத்தவ் தாக்கரே தலைமையிலான பிரிவின் சார்பில் கஜானன் கீர்த்திகரின் மகன் அமோல் கீர்த்திகர் நின்றார். இவர்களையும் சேர்த்து மொத்தம் 21 வேட்பாளர்கள் களத்தில் இருந்தனர். மே 20 அன்று வாக்குப்பதிவும் சூன் 4 அன்று வாக்கு எண்ணிக்கையும் நடைபெற்றன.

எண்ணிக்கையின் முடிவு

அன்று பெறப்பட்ட வாக்குகளைக் கீழே காண்க.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்: கீர்த்திகர் 4,51,095, வாய்கர் 4,51,094
அஞ்சல் வாக்குகள்: கீர்த்திகர் 1,501, வாய்கர் 1,550
மொத்தம்: கீர்த்திகர் 4,52,596, வாய்கர் 4,52,644

இயந்திரங்களில் பதிவான வாக்குகளில் கீர்த்திகர் ஒரே ஒரு வாக்கு முன்னிலை பெற்றிருந்தார். அஞ்சல் வாக்குகளில் வாய்கர் 49 வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். எனவே 48 வாக்கு வேறுபாட்டில் வாய்கர் வெற்றி பெற்றார். இருவரும் சேர்ந்து பெற்றவை ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். வெற்றி வேறுபாடோ ஒரு வகுப்பறை மாணவர்களின் எண்ணிக்கையே.

ஒரு தேர்தல் நடத்தும் அலுவலர் இத்தகைய வேளையில் விருப்பம்போல் முடிவை அறிவித்துவிட இயலாது. செல்லாதவை என ஒதுக்கப்பட்ட அஞ்சல் வாக்குகளின் எண்ணிக்கையைவிட வெற்றி வேறுபாடு குறைவாக இருப்பின், ஒதுக்கப்பட்ட அவ்வாக்குகள் அனைத்தையும் மீண்டும் ஆராய்தல் வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. இத்தொகுதியில் ஒதுக்கப்பட்டவை 111, வேறுபாடு 48. ஆகவே அவை மீண்டும் ஆராயப்பட்டன. அதன் பின்னரே முடிவு அறிவிக்கப்பட்டது. தோற்றவர் மனநிறைவு அடையாவிடில், 45 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுத் தாக்கல் செய்யலாம். கீர்த்திகர் அவ்வாறே செய்தார். அம்மனுவை மும்பை உயர் நீதிமன்றம் 2024 திசம்பரில் தள்ளுபடி செய்தது.

எண்கள் கூறும் செய்திகள்

இம்முடிவுப் பட்டியலில் வென்றவரின் எண்ணோடு வேறு சில எண்களையும் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

முதலாவது, நோட்டா. எந்த வேட்பாளரையும் விரும்பாதவர் அதனைப் பதிவு செய்வதற்கான பொத்தான் இது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2013ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. இத்தொகுதியில் 15,161 பேர் நோட்டாவைத் தேர்ந்தெடுத்தனர். இது வெற்றி வேறுபாட்டைப் போல் முந்நூறு மடங்குக்கும் மேல். மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளரும் இந்த எண்ணிக்கையை எட்டவில்லை. எனினும் நோட்டாவால் வெற்றி தோல்வி மாறாது. வேட்பாளர்களுள் மிகுதியான வாக்குப் பெற்றவரே வென்றவர்.

இரண்டாவது, வைப்புத்தொகை. மக்களவைத் தேர்தலில் நிற்பவர் 25,000 ரூபாய் செலுத்த வேண்டும். பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் அது 12,500 ரூபாய். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கிற்கு மேல் பெறாதவர் அத்தொகையை இழப்பர். இங்கு முதலிருவர் நீங்கலாக ஏனைய 19 பேரும் அந்த அளவை எட்டவில்லை.

மூன்றாவது, வாக்களிக்காதவர்கள். தொகுதியின் வாக்காளர்கள் சுமார் 17 லட்சம் பேர். வாக்களித்தவர் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்குச்சாவடிக்குச் செல்லவில்லை. அவர்களுள் 50 பேர் ஒரே பக்கமாகச் சென்றிருப்பினும் முடிவு மாறியிருக்கக்கூடும். முடிவு எப்பக்கம் சென்றிருக்க வேண்டும் என்பது இப்பாடத்தின் கருத்தன்று. வீட்டிலிருந்தோர் அம்முடிவைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டனர் என்பதே கருத்து.

சமநிலை ஏற்பட்டால்

வாய்கருக்கு வாக்களித்தோருள் 24 பேர் மாற்றி வாக்களித்திருந்தால் இருவரும் 4,52,620 வாக்குகள் பெற்றுச் சமநிலையில் இருந்திருப்பர். அப்போது என்ன செய்வது? குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும் என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது. குலுக்கலில் பெயர் வந்தவர் கூடுதலாக ஒரு வாக்குப் பெற்றவராகக் கருதப்படுவார்.

தமிழர்க்கு இம்முறை புதியதன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். கணக்குக் காட்டாதவர் அப்பதவிக்கு நிற்க இயலாது என்ற விதியும் அக்கல்வெட்டில் உண்டு.

ஒரே ஒரு வாக்கால் தோற்றவர்களும் உள்ளனர். 2004இல் கருநாடகத்தின் சந்தேமாரனஹள்ளிச் சட்டமன்றத் தொகுதியிலும், 2008இல் இராசத்தானின் நாத்துவாராச் சட்டமன்றத் தொகுதியிலும் வெற்றி வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்.

வெளியூரில் வாழ்வோரின் வாக்கு

பணியின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு இந்நிகழ்வு ஒரு சிறப்பான பாடம். படைவீரர்களும், அவர்களுடன் வாழும் வாழ்க்கைத் துணைவரும் பணி வாக்காளர்களாகச் சொந்த ஊர்த் தொகுதியிலேயே பதிவு செய்துகொள்ளலாம். வாக்குச்சீட்டு மின்னணு முறையில் அவர்களுக்கு அனுப்பப்படும். அதனை அச்சிட்டுக் குறியிட்டு, எண்ணிக்கை நாளன்று காலை 8 மணிக்குள் சென்று சேருமாறு அஞ்சலில் அனுப்புதல் வேண்டும். உறுதிமொழிப் படிவத்தை இணைக்க மறந்தாலோ இருவருக்குக் குறியிட்டாலோ அவ்வாக்கு செல்லாததாகிவிடும். மும்பை வடமேற்கின் வெற்றியை முடிவு செய்தவை அஞ்சல் உறைகளே என்பதை நினைவிற்கொள்க.

பிற பணியாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இவ்வசதி பொதுவாக இல்லை. ஒருவர் பெயர் ஓரிடத்தில் மட்டுமே வாக்காளர் பட்டியலில் இருக்கலாம். வழக்கமாக வாழும் இடமே அதற்குரியது. பலருடைய பெயர் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே நின்றுவிடுகிறது. தேர்தலன்று ஊருக்குச் செல்ல விடுப்பும் பயணச்சீட்டும் கிடைப்பதில்லை. வாழும் நகரிலோ பெயர் இல்லை. இரண்டு ஊர்கள் இருந்தும் ஓரிடத்திலும் வாக்கு இல்லாமற் போகிறது. இருப்பிடம் மாறியோர் படிவம் 8 அளித்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். புதிதாகச் சேர்வோர் படிவம் 6 அளிக்க வேண்டும். 17 வயது நிறைந்தோர் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். 18 வயது நிறைந்ததும் பெயர் பட்டியலில் சேரும்.

வாழும் தெருவின் குடிநீரும், பயிலும் பள்ளிக்குச் செல்லும் சாலையும் அவ்வூரின் பிரதிநிதிகளைச் சார்ந்தவை. அவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவ்வூரில் வாழ்வோர் கைவிடலாகாது.

அருஞ்சொற்பொருள்

வேறுபாடு – வித்தியாசம்
வைப்புத்தொகை – டெபாசிட்
விழுக்காடு – சதவீதம்
அஞ்சல் – தபால்
குடம் – பானை

பயிற்சி

1. பிரித்து எழுதுக: நாற்பத்தெட்டு, குடவோலை, வாக்குச்சாவடி.
2. மும்பை வடமேற்குத் தொகுதியில் அஞ்சல் வாக்குகள் முடிவை மாற்றியது எவ்வாறு? எண்களைக் கொண்டு விளக்குக.
3. 48 வாக்குகளை ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் எத்தனை? அவ்விடை உணர்த்துவது யாது?
4. குடவோலை முறைக்கும் இன்றைய குலுக்கலுக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுக.
5. செயல்பாடு: வீட்டிலுள்ள பெரியோரின் பெயர்கள் எந்த ஊர் வாக்காளர் பட்டியலில் உள்ளன என வினவுக. அவர்கள் கடைசியாக வாக்களித்தது எப்போது, எங்கே என்பதை ஐந்து வரிகளில் தமிழில் எழுதுக. எவருக்கு வாக்களித்தனர் என்று கேட்க வேண்டா. அது மறைவாகக் காக்கப்பட வேண்டியது.