விடத் தெரிந்த பெடல்

அன்புத் தங்கைக்கு,

எந்தப் பெடல் காலை இறுக்கிப் பிடிக்கும் என்று கேட்டிருந்தாய். கிராஸ்-கண்ட்ரி போட்டிக்குத் தயாராகிறவள் கேட்கிற கேள்விதான். ஆனால் மலைப்பாதையில் ஓட்டுகிறவள் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கால் வெளியே வர வேண்டிய நொடியில் எந்தப் பெடல் அதை விடும்? மற்ற எல்லாவற்றையும் இதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

ஷூவைப் பெடலோடு பிணைக்கும் 'கிளிப்லெஸ்' பூட்டு பனிச்சறுக்கிலிருந்து வந்தது. பனிச்சறுக்குப் பிடிமானம் செய்துவந்த பிரான்சின் லுக் நிறுவனம் 1984இல் அதைச் சாலை சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸை வென்றார். பனிச்சறுக்கில் அந்தப் பிடிமானம் விழும்போது காலை விடுவிக்கவும் வேண்டும். பிடிப்பது அதன் பாதி வேலைதான். ஷூவின் அடியில் பொருத்திப் பெடலில் பூட்டும் துண்டைக் கிளீட் என்பார்கள். சாலை சைக்கிளுக்கான அகலமான கிளீட்டை மாட்டிக்கொண்டு சரியாக நடக்க முடியாது. 1990இல் ஷிமானோவின் எஸ்பிடி வந்தபோது, இரண்டு திருகில் நிற்கும் சிறிய உலோகக் கிளீட் ஷூவின் அடிக்குழிக்குள் போய் உட்கார்ந்தது. சைக்கிளைத் தோளில் போட்டுப் பாறை ஏறுகிறவர்களுக்கு அது பெரிய வரம்.

மேலே இழுத்து மிதித்தால் பலம் கூடும் என்று சொல்லி விற்பார்கள். அதை நம்பி வாங்காதே. உண்மையான லாபம், வேரும் கல்லும் நிறைந்த இடத்தில் கால் பெடலை விட்டுத் துள்ளாது என்பதுதான். உடம்பு குலுங்கினாலும் மிதிப்பு நிற்காது. கிராஸ்-கண்ட்ரிக்கு இது போதுமான காரணம். இறக்கப் பந்தயத்தில் கதை வேறு. ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் பூட்டில்லாத ஃபிளாட் பெடலில்தான் 2007, 2009, 2010 ஆண்டுகளில் டவுன்ஹில் உலகப் பட்டம் வென்றார். 2017 முதல் 2019 வரை எண்டூரோ வேர்ல்டு சீரிஸையும் அதே பெடலில் தொடர்ந்து மூன்று முறை வென்றார். குதிகாலைத் தாழ்த்திப் பாதத்தால் பெடலை அழுத்திப் பிடிக்கும் பழக்கம் ஃபிளாட் பெடலில்தான் வரும். பூட்டிய காலோடு சைக்கிளைத் தூக்குவது சுலபம் என்பதால், அந்தப் பழக்கம் இல்லாமலேயே காலம் ஓடிவிடும். ஆகவே கிளிப்லெஸ் வாங்கிய பிறகும் ஃபிளாட் பெடலைத் தூக்கிப் போட்டுவிடாதே.

இனி எதை வாங்குவது? உனக்கு நான் சொல்வது எஸ்பிடி. பிடியின் இறுக்கத்தை நீயே மாற்றிக்கொள்ளலாம் என்பதே காரணம். பெடலின் ஒவ்வொரு முகத்திலும் ஒரு சிறு திருகு இருக்கும். இரண்டு பெடலுக்கும் சேர்த்து நான்கு. நான்கையும் முழுக்கத் தளர்த்திவிட்டு, அலன் கீ போட்டு ஒவ்வொரு 'கிளிக்'காக, நான்கிலும் ஒரே அளவுக்கு இறுக்கு. ஒரு முகம் மட்டும் இறுகியிருந்தால், எந்த முகத்தில் பூட்டியிருக்கிறாய் என்பதைப் பொறுத்துச் சில சமயம் கால் வரும், சில சமயம் வராது. தொடக்கத்தில் இதைவிட ஆபத்தானது வேறில்லை. கிளீட்டிலும் இரண்டு வகை. வழக்கமாகப் பெடலோடு வரும் எஸ்ஹெச்51, குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். தனியாக விற்கும் எஸ்ஹெச்56, பதற்றத்தில் சாய்வாகத் திருகி இழுத்தாலும் விடும். வேகமாக மிதிக்கும்போது அது எதிர்பாராமல் கழன்றுவிடும் என்று போட்டியாளர்கள் தவிர்ப்பதுண்டு. அவர்கள் சொல்வது சரி. இருந்தாலும் முதல் சில மாதங்களுக்கு நீ 56ஐயே போட்டுக்கொள்.

கிராங்க் பிரதர்ஸ் பெடலில் நான்கு பக்கமும் பூட்டலாம், சேறும் எளிதில் உதிரும். ஆனால் இறுக்கத்தை மாற்ற வழியில்லை. வலது, இடது கிளீட்களை இடம் மாற்றி, விடும் கோணத்தை 15 டிகிரியாகவோ 20 டிகிரியாகவோ வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதன் பித்தளைக் கிளீட் கல்லில் நடந்தால் சீக்கிரம் தேயும். களிமண்ணிலேயே பெரும்பாலும் ஓட்டுகிறவர்களுக்கும், பாதம் பக்கவாட்டில் கொஞ்சம் நகர இடம் கேட்கிற முழங்கால் உள்ளவர்களுக்கும் டைம் நிறுவனத்தின் பெடல் நல்லது. ஒரு பக்கம் பூட்டும் மறுபக்கம் ஃபிளாட்டும் உள்ள பெடல் ஊருக்குள் ஓட்டப் பரவாயில்லை. மலைப்பாதையில் வேண்டாம், அவசரத்தில் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்க்க நேரமிருக்காது.

பெடலுக்குச் செலவழிப்பதில் மிச்சம் பிடித்து ஷூவில் போடு. நடக்கும்போது அடிப்பகுதி கொஞ்சம் வளைய வேண்டும், பாறையில் வழுக்கக்கூடாது. ஷூ அடியின் ரப்பர்க் கட்டைகள் பெடலில் இடித்தால் எந்தப் பெடலும் ஒழுங்காக விடாது. கடையிலேயே பெடலில் பூட்டிக் கழற்றிப் பார்த்து வாங்கு.

கிளீட்டைப் பெருவிரலின் அடிமூட்டுக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ வை. பின்னால் வைத்தால் இறக்கத்தில் பாதம் நிலையாக இருக்கும். கோணத்துக்கு அளவுகோல் வேண்டாம். உயரமான மேசையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடு, பாதம் தானாக எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுவே உன் கோணம். முழங்காலின் ஓரத்தில் வலி எட்டிப்பார்த்தால் சகித்துக்கொண்டு ஓட்டாதே. கிளீட்டை மிகச் சிறிதளவு திருப்பி மறுபடி பார்.

பிறகு ஒரு புல்வெளிக்குப் போ. நின்றபடியே பூட்டு, கழற்று. அப்புறம் மெதுவாக ஓட்டிக்கொண்டே அதையே செய். பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே குதிகால் வெளிப்பக்கம் திரும்பப் பழக வேண்டும். இடக்காலை மட்டும் பழக்கி விட்டுவிடாதே. வலப்பக்கம் பள்ளமாக இருக்கும் பாதைகளில் மேட்டில் ஊன்ற இடக்கால் வேண்டும், இடப்பக்கம் பள்ளமானால் வலக்கால் வேண்டும். முதலில் கவிழப்போவது இறக்கத்தில் அல்ல, ஏற்றத்தில். மிதிப்பு நின்று சைக்கிள் அசையாமல் நிற்கும் அந்தக் கணத்தில்தான் பலரும் பூட்டிய காலோடு சாய்கிறார்கள். ஏற்றத்தில் இன்னும் ஒரு மிதி மிதிக்க முடியுமா என்ற சந்தேகம் வந்ததுமே ஒரு காலை விடுவித்துவிடு.

பெடலை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவு. இடப்பெடலின் மரை எதிர்த்திசையில் ஓடும், கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றினால்தான் இறுகும். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே சுற்று. கைக்கு இலகுவாகப் போகாவிட்டால் ஸ்பானரை எடுக்காதே, கிராங்க்கின் மரை போய்விடும். இரண்டு மூன்று முறை ஓட்டிய பிறகு கிளீட் திருகுகளை மறுபடி இறுக்கு. அவை தளர்ந்திருந்தால், நீ குதிகாலைத் திருப்பும்போது ஷூ மட்டும் திரும்பும், கிளீட் பெடலிலேயே நின்றுவிடும், கால் வெளியே வராது. ஆகவே கிளம்பும் முன் இரண்டு ஷூவையும் கவிழ்த்துத் திருகுகளைத் தொட்டுப் பார்த்துவிடு.

அன்புடன்,
அக்கா