பால் விற்றவர்களும் துணை நின்றவர்களும்

கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டதும் நம் வர்த்தக சகோதரர்களில் பலர் முகம் சுளிப்பதுண்டு. "கடைக்காரனை ஒழிக்கவென்றே ஏற்பட்ட சங்கமல்லவா அது?" என்பார்கள். அந்த ஐயத்தில் சிறிது நியாயம் இல்லாமலுமில்லை. கிராமத்தாருக்கும் பட்டணத்தாருக்கும் நடுவே நின்று கொள்ளை லாபம் அடித்தவர்களை எதிர்த்தே பல சங்கங்கள் பிறந்திருக்கின்றன. ஆனால் அவை எவ்வாறு வளர்ந்தன, யார் யார் கைகொடுத்தார்கள், அவற்றில் வியாபாரிக்கு இடமுண்டா என்பவற்றை விசாரித்து அறிந்தவர்கள் சிலரே. ஆகவே குஜராத்தின் கேடா ஜில்லாவில் நடந்ததை இங்கே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு வேற்றுமையைத் தெளிந்துகொள்ள வேண்டும். நாம் பழகிய பங்கு வியாபாரத்தில் முதல் அதிகம் போட்டவரின் சொல்லே அதிகம் செல்லும். லாபமும் பேசிக்கொண்டபடி பிரியும். கூட்டுறவிலோ ஆளுக்கு ஒரு வாக்குத்தான். பத்து எருமை வைத்திருப்பவருக்கும் ஒன்று. ஒற்றை எருமையை நம்பியிருக்கும் விதவைக்கும் ஒன்று. பால் சங்கத்தில் ஆண்டு முடிவில் போனஸாகப் பிரியும் உபரி, போட்ட பங்கைப் பார்த்து அல்ல, அவரவர் ஊற்றிய பாலைப் பார்த்தே பிரிக்கப்படுகிறது.

1940களில் கேடா ஜில்லாவின் பால், நானூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்திலிருந்த பம்பாய் நகருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனந்த் ஊரிலிருந்த போல்சன் என்ற தனியார் பால்பண்ணைக்கே பம்பாய் சர்க்கார் அந்தக் கொள்முதலைக் கொடுத்திருந்தது. போல்சன் காண்டிராக்டர்களை வைத்து வாங்கிற்று. காண்டிராக்டர் சொன்னதே விலை. நெல்லென்றால் குதிரில் போட்டு நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். காலையில் கறந்த பால் மாலைக்குள் திரிந்துவிடும். வாங்குகிறவர் ஒருவர், விற்கிறவர்கள் ஆயிரம் பேர், சரக்கோ நிற்காத சரக்கு. இம்மூன்றும் கூடிய இடத்தில் விலை யார் கையில் இருக்கும் என்பதை வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

குடியானவர்கள் சர்தார் வல்லபபாய் படேலிடம் முறையிட்டார்கள். சொந்தமாகச் சங்கம் அமைத்து, சொந்தமாகப் பாலைப் பதப்படுத்தி விற்பதே வழி என்றார் அவர். அதற்காகக் கொஞ்ச காலம் நஷ்டப்படவும் துணிய வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. அவர் அனுப்பிய மொரார்ஜி தேசாயின் முன்னிலையில் 1946 ஜனவரி 4ஆம் தேதி சமர்க்கா கிராமத்தில் கூட்டம் நடந்தது. கிராமந்தோறும் சங்கம், அவை யாவும் சேர்ந்த ஒரு யூனியன், அந்த யூனியனிடமே சர்க்கார் பால் வாங்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். சர்க்கார் மறுத்தது. பதினைந்து நாட்கள் ஒரு சொட்டுப் பாலும் விற்கவில்லை அந்த ஏழைகள். ஒற்றை மாட்டுக் குடும்பத்துக்குப் பதினைந்து நாள் வரும்படி சிறிய தொகையா? இறுதியில் சர்க்கார் இணங்கிற்று. 1946 டிசம்பர் 14ஆம் தேதி யூனியன் பதிவாயிற்று. 1948இல் பால் அனுப்பத் தொடங்கியபோது இருந்தவை இரண்டு கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சேர்ந்த பால் சுமார் 250 லிட்டர். இதுவே பின்னாளில் அமுல் என்று பெயர் பெற்றது.

துணை நின்றவர்களைப் பார்ப்போம். தலைவராக இருந்த திரிபுவன்தாஸ் படேல் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். ஊர் ஊராகச் சென்று ஜனங்களைச் சேர்த்தவர் அவரே. அவர் சொன்னால் ஜனங்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் சங்கத்தின் முதல் மூலதனம். ஆனால் நம்பிக்கை மட்டும் இயந்திரத்தை ஓட்டாதே! 1949இல் வர்கீஸ் குரியன் என்ற வாலிபர் ஆனந்திலிருந்த சர்க்கார் பால்பண்ணைக்கு உத்தியோகமாக வந்து சேர்ந்தார். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்கா சென்று திரும்பியவர். படிப்புக்கு உதவிய சர்க்காருக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்துக்காக வந்தாரேயன்றி, விரும்பி வந்தவரல்லர். ஒப்பந்தம் நீங்கிப் புறப்பட இருந்தவரைத் திரிபுவன்தாஸ் நிறுத்தி வைத்தார். வேற்று மொழி, வேற்று மதம், வெளியூர். ஆயினும் நிர்வாகம் முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தார்கள் அந்தக் குடியானவர்கள். அவரும் கடைசி வரை தம்மைக் குடியானவர்களின் சம்பளக்காரர் என்றே சொல்லிக்கொண்டார். சொந்தக்காரரின் மைத்துனர் என்பதற்காக ஒருவரைப் பெட்டியடியில் உட்கார வைக்கும் வழக்கமுள்ள நாம் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகக் கறக்கும். பம்பாயோ அவ்வளவையும் வாங்காது. மிஞ்சியதைப் பவுடராக்கினால்தான் சங்கம் பிழைக்கும். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்றனர் வெளிநாட்டு நிபுணர்கள். குரியனின் நண்பரான தலாயா என்ற பால்துறை நிபுணர் செய்து காட்டினார். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் நியூஸிலாந்தும் இயந்திரங்களுக்கு உதவின. 1955 அக்டோபர் 31ஆம் தேதி பிரதமர் நேரு அந்தத் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார்.

உதவியை வாங்கிய விதந்தான் கவனிக்கத்தக்கது. குழந்தைகள் நிதியம் கொடுத்ததற்கு ஈடாக, ஏழைப் பிள்ளைகளுக்குப் பால் வழங்குவதாக யூனியன் ஏற்றுக்கொண்டது. 1970இல் நாடு முழுவதற்குமாக வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபோது, உலக உணவுத் திட்டத்தின் வழியாக ஐரோப்பிய நாடுகளின் பவுடர் 1,26,000 டன்னும் வெண்ணெய் எண்ணெய் 42,000 டன்னும் நன்கொடையாக வந்தன. இலவசச் சரக்கு சந்தையில் கொட்டினால் உள்ளூர்ப் பாலின் விலை என்னாகும்? ஆகவே அதைப் பாலாக்கிப் பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை நகரங்களில் விலைக்கே விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு மற்ற ஜில்லாக்களில் சங்கங்களையும் பால்பண்ணைகளையும் அமைத்தார்கள். தானம் முதலாயிற்று.

கிராமச் சங்கத்தில் காலையும் மாலையும் சாதி பாராமல் ஒரே வரிசையில் நின்று பால் ஊற்றுவார்கள். அளவும் கொழுப்பும் அங்கேயே சோதிக்கப்பட்டு, அதற்கேற்ப விலை புத்தகத்தில் ஏறும். தண்ணீர் கலந்தால் கலந்தவருக்கே நஷ்டம். மாட்டு வைத்தியம், தீவனம், நல்ல இனக் கன்று ஆகியவற்றையும் யூனியனே கவனித்தது. காண்டிராக்டர் பாலை மட்டும் வாங்கினார்; மாடு செத்தால் அது அவருடைய கவலையன்று.

சரி, வியாபாரியின் கதி? 1973இல் குஜராத்தின் யூனியன்கள் சேர்ந்து விற்பனைக்கென ஒரு சம்மேளனம் அமைத்தன. அதன் சரக்கைக் கடைவீதிக்குக் கொண்டு சேர்ப்பவர்கள் பெரும்பாலும் தனி மொத்த வியாபாரிகளும் சில்லறைக் கடைக்காரர்களுமே. விலையைத் தம் இஷ்டம்போல் வைத்த இடைத்தரகருக்குத்தான் வேலை போயிற்று. சரக்கை நகர்த்துகிறவருக்கு வேலை பெருகிற்று.

நம் நாட்டிலும் கூட்டுறவுச் சட்டம் 1922 முதலே உண்டு. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர் வீதிக்கு வந்த காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டார். பால்மரம் வெட்டியவர்கள் தங்கள் சிறு சேமிப்பைப் பங்காக்கித் தோட்டங்களை வாங்கினார்கள். அதே நாட்டில்தான் 1986இல், வைப்புத் தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளை பேங்க் நெகாரா முடக்க நேர்ந்தது. அவற்றில் பலவற்றின் பணம் நிலத்திலும் பங்குச் சந்தையிலும் சிக்கியிருந்தது. பெயர் இரண்டுக்கும் கூட்டுறவுதான். கேடாவிலே பால் ஊற்றியவர் தம் பால் என்னவாயிற்று என்பதை நாள்தோறும் கண்ணால் பார்த்தார்; இங்கே பணம் போட்டவருக்கு அது எங்கே போகிறது என்றே தெரியாது.

கடைக்காரர்களே கூட்டுறவாகச் சேர முடியாதா என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் சிறு மளிகைக் கடைக்காரர்கள் ஒன்றுகூடிச் சரக்கெடுப்பதற்காக அமைத்த சங்கங்கள் 1907இல் ஒன்றுபட்டன; பின்னர் எடேகா என்று பெயர் பெற்றன. கொள்முதல் கூட்டாக, கடை அவரவருக்குச் சொந்தமாக. அந்நாட்டின் மிகப் பெரிய சில்லறை வர்த்தக ஸ்தாபனங்களுள் ஒன்றாக எடேகா இன்றும் நடந்து வருகிறது.