புராஸ்டேட் எம்.ஆர்.ஐ. படிக்கத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு

புதுச்சேரியில் ரேடியாலஜி கற்க வந்திருக்கிறீர்கள். ஜிப்மர் ஆனாலும் தனியார் ஸ்கேன் சென்டர் ஆனாலும், கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் வருவார்கள். யாருக்கு பயாப்ஸி ஊசி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்வதே உங்கள் வேலை.

1. படத்தைத் திறக்குமுன் ஆளை விசாரியுங்கள். ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைகளை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். மாத்திரைச் சீட்டைப் பார்க்காமல் அந்த எண்ணை நம்பாதீர்கள். பிரான்சில் இருந்து திரும்பியவர் என்றால் அங்கே எடுத்த பழைய ஸ்கேனைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

2. முதலில் ஸ்கேன், பிறகு பயாப்ஸி. 2017இல் வெளிவந்த புரோமிஸ் ஆய்வில், சிகிச்சை தேவைப்படும் புற்றில் 93 சதவீதத்தை எம்.ஆர்.ஐ. காட்டியது, வழக்கமான அல்ட்ராசவுண்ட் பயாப்ஸி 48 சதவீதத்தைத்தான் பிடித்தது. அடுத்த ஆண்டின் பிரிசிஷன் ஆய்வில், எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை. பயாப்ஸி முன்பே முடிந்திருந்தால், ரத்தக்கசிவு அடங்க ஆறு வாரமாவது விட்டு ஸ்கேன் எடுங்கள்.

3. இடத்துக்குத் தக்க படத்தை நம்புங்கள். சுரப்பியின் வெளிப்பகுதியில் டிஃப்யூஷன் படம்தான் முதல் சாட்சி. அங்கே ஏ.டி.சி.யில் கறுத்தும், உயர் பி-வேல்யூ படத்தில் வெளுத்தும் தெரிகிற இடத்தில் சந்தேகம் வலுக்கிறது. வயதானால் வீங்கும் உள்பகுதியில் டி2 படத்துக்கே முதலிடம்.

4. டி.பி.யை மறக்காதீர்கள். காசநோயும், சிறுநீர்ப்பைப் புற்றுக்கு பி.சி.ஜி. ஏற்றியதால் வரும் அழற்சியும் அச்சு அசலாகப் புற்றுபோலவே தெரியும். அங்கே பயாப்ஸிதான் தீர்ப்பு.

5. பை-ராட்ஸ் மதிப்பெண் 3ஐ ஒளிந்துகொள்ளும் இடமாக்காதீர்கள். 3 என்று போட்டால் சுரப்பியின் கனஅளவையும் அளந்து எழுதுங்கள். பி.எஸ்.ஏ. 6 இருப்பவருக்குச் சுரப்பி 60 மில்லி என்றால் பி.எஸ்.ஏ. அடர்த்தி 0.10, 30 மில்லி என்றால் 0.20. 0.15ஐத் தாண்டினால் யூராலஜிஸ்ட் பயாப்ஸியின் பக்கம் சாய்வார்.

6. படம் சுத்தமாக இருந்தாலும் "புற்று இல்லை" என்று எழுதாதீர்கள். எம்.ஆர்.ஐ.க்குத் தப்பும் புற்றும் உண்டு. "சந்தேகத்துக்கிடமானது தெரியவில்லை" என்பதே நேர்மை.

7. சுரப்பியோடு நின்றுவிடாதீர்கள். உறையைத் தாண்டியிருக்கிறதா, விந்துப்பைக்குள் போயிருக்கிறதா, நிணநீர்க் கணுக்கள், இடுப்பெலும்பு எப்படி என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். அறுவையா, கதிர்வீச்சா என்பது அதைப் பொறுத்தது.

8. பயமுறுத்தாதீர்கள். 2023இல் வந்த புரோடெக்ட் ஆய்வின் பதினைந்தாண்டு முடிவில், சுரப்பிக்குள் அடங்கிய புற்று இருந்தவர்களில் ஏறத்தாழ 97 சதவீதம் பேர் அந்த நோயால் சாகவில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களுக்கும் அதே நிலைதான். "அய்யா, ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்க, வழி இருக்கு" என்று நின்று சொல்லிவிட்டுப் போங்கள்.

9. நீங்கள் பை-ராட்ஸ் எண் போட்ட ஒவ்வொருவரின் பயாப்ஸி முடிவையும் பேத்தாலஜிக்குப் போய்த் தேடிப் படியுங்கள். அங்கேதான் கண் பழகும். அந்தப் பழக்கத்தை எத்தனை வருஷமானாலும் விடாதீர்கள்.