ஆம்பிளிபயர் பழுதுற்றால் செய்ய வேண்டுவன

கிராம சபைக் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்வோர் பெரும்பாலும் மகளிரும் முதியோருமே ஆவர். ஒலிபெருக்கி பேசாதபோது கூட்டத்தை முதலில் இழப்பவர்களும் அவர்களே. வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுவது அவர்கள் செவிக்கு எட்டாவிடில், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று பதிவேட்டில் எழுதுவதற்குப் பொருளில்லை. ஆகவே ஊராட்சி அலுவலக மூலையில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கும் ஆம்பிளிபயரைப் பற்றி ஈண்டுச் சில கூற விரும்புகிறோம். வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு இத்தகைய கருவி வைத்திருக்கும் விவசாய அன்பர்களுக்கும் இவை பயன்படும்.

மைக்கில் பிறக்கும் மின்சாரம் மிக நுண்ணியது. ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கே இருக்கும். அதனை ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் அளவுக்கு வலுப்படுத்துவதே ஆம்பிளிபயரின் பணி. அதற்கு வேண்டிய ஆற்றலைச் சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரத்திலிருந்து டிரான்ஸ்பார்மர் குறைத்துத் தருகிறது. டயோடுகள் அதை ஒரே திசையில் ஓடச் செய்கின்றன. பெரிய மின்தேக்கிகள் அதைச் சீராக்குகின்றன.

கடைமடைக்கு நீர் வரவில்லையெனில் நாம் உடனே அணையைப் பழிப்பதில்லை. வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடந்து, எம்மடையில் உடைப்பு என்று பார்க்கிறோம். இங்கும் அதுவே முறை. ஓர் ஊராட்சியில், ஒலி வரவில்லை என்பதற்காகப் புதிய ஆம்பிளிபயர் வாங்கத் தீர்மானமே எழுதிவிட்டனர். பின்னர் பார்த்தபோது, மைக் வயர் அதன் முனைப் பிளக்கின் அருகே உள்ளுக்குள் அறுந்திருந்தது. அவ்விடமே அடிக்கடி மடங்குமிடம். பற்றவைப்பு விடுபடுவதும் அங்கேதான். புறத்தே உள்ள வயர்களையும் முனைகளையும் பார்த்து முடிக்கும்வரை பெட்டியின் திருகைத் தொடுதல் ஆகாது.

முதலில் கருவியின் விளக்கு எரிகிறதா என்று காண்க. எரியவில்லையெனில், அதே சுவர்ப் பிளக்கில் வேறொரு விளக்கை மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கு மின்சாரம் இருந்தால் அடுத்தது பியூஸ். கருவியின் கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிய பின்னரே பியூஸைத் தொடுக. எரிந்துபோன பியூஸுக்குப் பதிலாக, அதில் குறித்த ஆம்பியர் அளவே உள்ள புதியதை ஒரு முறை போடலாம். அதுவும் உடனே எரிந்தால் நிறுத்திவிட வேண்டும். உள்ளே எங்கோ ஷார்ட் ஆகியுள்ளது என்பது அதன் பொருள். பியூஸ் கிடைக்கவில்லை என்று செம்புக் கம்பியைச் சுற்றி வைப்போர் உளர். அவ்வாறு செய்தால் அடுத்து எரிவது டிரான்ஸ்பார்மர். அதனினும் கொடிது, அலுவலகமே தீப்பற்றக்கூடும்.

விளக்கு எரிந்தும் ஒலி இல்லையெனில் ஸ்பீக்கரைச் சோதிக்க வேண்டும். கருவியை நிறுத்தி, ஸ்பீக்கர் வயரின் இரு முனைகளையும் கழற்றி, 1.5 வோல்ட் டார்ச்சு செல்லின் இரு முனைகளிலும் கணநேரம் தொட்டு எடுக்கவும். ஸ்பீக்கர் 'டக்' என்று ஒலித்தால் அதுவும் வயரும் நலமே. ஊரிலுள்ள எவரும் இதனைச் செய்யலாம். அடுத்து, மைக்கை அகற்றிவிட்டு, கைப்பேசியை வயர் மூலம் ஆக்ஸ் துளையில் இணைத்துப் பாட்டை ஓடவிடுக. பாட்டுக் கேட்டால் பழுது பெரும்பாலும் மைக்கிலோ அதன் வயரிலோ இருக்கும்.

இரைச்சலிலும் இருவகை உண்டு. ஒலியளவுக் குமிழைக் குறைத்தவுடன் 'ம்ம்' என்ற இரைச்சல் அடங்குமாயின், மைக் வயரின் மேலுறைப் பின்னல் அறுந்திருக்கலாம். குமிழை முற்றும் குறைத்தும் அடங்காவிடில், முன்னர்க் கூறிய பெரிய மின்தேக்கிகள் உலர்ந்துவிட்டன என்று ஐயுறலாம். கடைக்காரர் இவற்றைக் கண்டன்சர் என்பர். ஆண்டுகள் பல சென்றால் அவற்றின் தலை உப்பிக் காணும். குமிழைத் திருப்பும்போது மட்டும் 'கரகர' என்றால் அது தூசு. அதற்கெனக் கடைகளில் விற்கும் துப்புரவுத் தெளிப்பானே போதும். தேங்காயெண்ணெய் விடுவது வேண்டாம். தூசு அதில் ஒட்டிச் சேறாகிவிடும்.

கருவியின் பின்புறம் 4, 8, 16 ஓம் என்றும் 100 வோல்ட் என்றும் திருகுகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நல்ல கருவிகள் வீணாவது இங்கேதான். 8 ஓம் ஸ்பீக்கரை நேரே 100 வோல்ட் திருகில் இணைத்தால், முழு ஒலியில் அது 1,250 வாட் கேட்கும். 100 வாட் கருவி எங்ஙனம் தாங்கும்? அத்திருகு, தனி டிரான்ஸ்பார்மர் பொருத்திய ஸ்பீக்கர்களுக்கே உரியது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால் 4 ஓம் ஆகும். அவற்றை 4 ஓம் திருகில் இடுக. மேலும் இரண்டு சேர்த்தால் 2 ஓம்; அதற்குத் திருகே இல்லை.

இதற்கு மேற்பட்ட பழுது மெக்கானிக்கின் வேலை. பிளக்கைக் கழற்றிய பின்னும் பெரிய மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆதலின் ஆர்வமுள்ள இளைஞரைக்கூட மூடியைத் திறக்க விடலாகாது. எனினும் மெக்கானிக்கிடம் என்ன கேட்பது என்று ஊராட்சியார் அறிந்திருத்தல் நன்று. 2என்3055 போன்ற வெளியீட்டு டிரான்சிஸ்டர் எரிந்திருந்தால், அதனுடன் எரிந்திருக்கக்கூடிய சிறு ரெசிஸ்டர்களையும் பார்த்தீரா என்று கேளுங்கள். அவற்றை மாற்றாவிடில் புதியதும் எரியும். டிரான்சிஸ்டருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் இடையே மைக்காத் துண்டு வைத்தல் வேண்டும். அவசரத்தில் அதை மறப்பதுண்டு.

பழுது நீக்கிய கருவியை முதன்முறை நேரே மின்சாரத்தில் இணைக்காமல், 100 வாட் பழைய இழைக் குண்டு விளக்கைத் தொடரில் வைத்து இயக்கிக் காட்டச் சொல்லவும். விளக்கு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நலம். பிரகாசமாகவே எரிந்தால் ஷார்ட் இன்னும் தீரவில்லை. எல்.இ.டி. விளக்கு இச்சோதனைக்கு உதவாது. வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் இல்லாத வகைக் கருவியாயின், ஸ்பீக்கரை இணைக்கும் முன் அதன் திருகுகளில் நேர்மின்சாரம் உள்ளதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். ஒரு வோல்ட்டில் சிறு பின்னமே காட்ட வேண்டும். பல வோல்ட் காட்டினால் ஸ்பீக்கரின் சுருள் கருகிவிடும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி, மாற்றிய பாகத்தின் பெயரையும் தேதியையும் இருப்புப் பதிவேட்டில் குறித்து வைக்கவும். அடுத்த முறை வேறொரு மெக்கானிக் வந்தாலும் அவர் முதலில் கேட்கப்போவது அதுவே.